வாக்குத்தத்தப் பெட்டியில் இல்லாத வசனங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. உண்மையான கிறிஸ்தவ விசுவாசி எந்தத் துன்பத்திலும் 'ஏன்' என்று கடவுளைக் கேட்க மாட்டான், கேட்டால் அவனுக்கு விசுவாசம் குறைவு என்பது அதன் சாரம். எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். அவரோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை என் பேத்தி படித்துவிட்டு, நாலாக மடித்து என் சாய்வு நாற்காலியில் வைத்துவிட்டு, "பாருங்க தாத்தா, பேப்பர்லயும் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். மீன்கார அம்மா பேசுகிற இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். ஓ.டி. (ஓல்டு டவுன்) என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். இப்போது வயது 67. பரம்பரையாக லுத்தரன் குடும்பம். என் மகளும் மருமகனும் வேலை நிமித்தமாகப் புதுச்சேரியில் இருக்கிறார்கள். பேத்திக்கு 14 வயது. அங்கே ஒரு சபையில் திடப்படுத்தல் வகுப்புக்கு (பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராகச் சேர்ப்பதற்கு முன் நடத்தும் வேதப் பாடம்) போய்க்கொண்டிருந்தாள். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான் நடந்தது.

வகுப்பில் யோபின் கதை. யோபு எல்லாவற்றையும் இழந்தான், பொறுமையாக இருந்தான், கடைசியில் கர்த்தர் எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவள் எழுந்து, "அண்ணா, செத்துப்போன பத்துப் பிள்ளைங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டிருக்கிறாள். வேறு பத்துப் பிள்ளைகளைக் கொடுத்தாரே என்று பதில் வந்திருக்கிறது. "அது வேற பத்துப் பேர்ல?" என்றிருக்கிறாள். அதற்கு வகுப்பெடுத்த தம்பி, இப்படிப்பட்ட கேள்வி நமக்குள் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லி, எல்லோரையும் கண்ணை மூடச்சொல்லி அவளுக்காக ஜெபம் பண்ணிவிட்டார். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பையன்கள் அவளுக்குச் 'சந்தேகத் தோமா' என்று பெயர் வைத்தாயிற்று. அடுத்த இரண்டு ஞாயிறும் அவளுக்குத் தலைவலி. மூன்றாவது ஞாயிறு கடலூருக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் கணக்கு எழுதிப் பழகியவன். அவள் சொன்னதும் பைபிளை எடுத்து யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தையும் 42-ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தொகை எடுப்பது போலப் பார்த்தேன். ஆடு 7,000 இருந்தது, 14,000 ஆனது. ஒட்டகம் 3,000, அது 6,000. ஏர்மாடு 500 ஏர், 1,000 ஏர் ஆயிற்று. கழுதையும் அப்படியே, 500 போய் 1,000. பிள்ளைகள் மட்டும் ஏழு ஆணும் மூன்று பெண்ணும் இருந்தார்கள், மறுபடியும் ஏழு ஆணும் மூன்று பெண்ணும்தான் பிறந்தார்கள். இரட்டிப்பு இல்லை. இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன், இது கண்ணில் பட்டதே கிடையாது.

இதற்குப் பிரசங்கிமார் ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆடு மாடு செத்தால் போனது போனதுதான், பிள்ளைகள் தேவனிடத்தில் இருக்கிறார்கள், ஆகவே மொத்தம் இருபது, அதுவும் இரட்டிப்புதான் என்பார்கள். நானும் அதைத் தள்ளவில்லை, அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் பத்தைப் பெற்றவளிடம் போய் அந்தக் கூட்டலைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றில் எழுதி இன்னொரு பிள்ளையை வரவில் வைத்து நேர் செய்கிற பேரேடு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. 14 வயதுப் பெண்ணுக்கு அது பட்டிருக்கிறது. எனக்குப் படவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் மறுநாள், சுனாமி வந்த நாள். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உப்பனாற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்புப் பக்கம் படகுக்காரர்களிடம் ஐஸ் பாக்கி வசூல் பண்ணிக்கொண்டு, வீட்டுக்கு வந்து குளித்து, ஒன்பதரை ஆராதனைக்குப் போவது என் வழக்கம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லோரும் கையில் காசோடு கரையில் இருப்பார்கள். அன்று நான் போகவில்லை. முந்தின நாள் மட்டன் பிரியாணி, ராத்திரிக்கும் அதுவே, அதற்கு மேல் தம்பி வீட்டிலிருந்து வந்த கேக். விடியற்காலையிலிருந்து வயிற்று வலி. என் மனைவி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, இன்னும் சாப்பிடுங்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாள். சுமத்ராவில் பூமி ஆடியதும் நம் நேரத்துக்குக் காலை ஏறக்குறைய ஆறரை மணிக்குத்தான் என்று பிற்பாடு பேப்பரில் படித்தேன். அதாவது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த அதே நேரத்தில் தண்ணீர் அங்கிருந்து கிளம்பிவிட்டது. எட்டரைக்கு மேல் இங்கே வந்தது. மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்த நேரம்.

அடுத்த ஞாயிறு, 2005 ஜனவரி 2. ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம். நான் எழுந்தேன். கர்த்தர் எனக்கு வயிற்று வலியைக் கொடுத்து என்னைத் தடுத்தார் என்று சொன்னேன். 91-ஆம் சங்கீதம் ஏழாம் வசனத்தைச் சொன்னேன். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." சபையே ஸ்தோத்திரம் சொன்னது. என் குரல் தழுதழுத்தது. உண்மையான கண்ணீர்தான், நடிக்கவில்லை. அந்த ஆயிரம் பேர் யார், பதினாயிரம் பேர் யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேனா? இல்லை. அவர்களில் 11 பேர் என் பாக்கி நோட்டில் இருந்தவர்கள். திங்கட்கிழமை முதலாளி அந்தப் பாக்கியெல்லாம் தள்ளுபடி என்று சொல்ல, சிவப்பு மையால் ஒவ்வொரு பெயர் மேலும் நான்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அப்போதும்கூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அந்த வாரத்திலேயே சபை வாலிபர்களோடு ஒரு நிவாரண முகாமுக்குப் போய்ப் பாயும் போர்வையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். வரிசையில் ஒரு மீன்கார அம்மா. எங்கள் கம்பெனி வாசலில் உடைந்த ஐஸ் அள்ளிக்கொண்டு போக வருவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னைத் தம்பி என்பார், நான் அவரை ஆயா என்பேன். எட்டு வயதுப் பேரன் போய்விட்டான். என்னைப் பார்த்ததும், "நீ அன்னிக்கு அக்கரைக்கு வரல போலக்கீதே தம்பி" என்று கேட்டார். நானும் விடுவேனா. சாட்சியை அவரிடமும் சொன்னேன். வயிற்று வலி, கர்த்தர் தடுத்தது, எல்லாம்.

அவர் கத்தவில்லை. பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விலை விசாரிப்பது போல மெதுவாகக் கேட்டார். "ஏன் தம்பி, ஒனக்கு வவுத்து வலி குடுக்கத் தெரிஞ்ச ஒங்க சாமிக்கு, எம் பேரனுக்கு ஒரு வவுத்து வலி குடுக்கத் தெரியலியா? அவனும் ஊட்ல படுத்துக் கெடந்திருப்பான்ல? எங்க ஊட்டுக்குள்ள மொழங்கால் தண்ணிதான் வந்துச்சு."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவர் நகர்ந்துவிட்டார். நான் அடுத்த போர்வையை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் சாட்சி சொன்னதில்லை. ஜெபமும் நின்றுபோயிற்று. வெளியே தெரியாது. குடும்ப ஜெபத்தில் வாய் அசையும், சாப்பாட்டுக்கு முன்னால் கண் மூடும். உள்ளே ஒன்றும் கிடையாது. ஏறக்குறைய மூன்று வருஷம். இதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் போன பிறகு அந்தக் கேள்வி எனக்குச் சுகமாகவும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உபவாச ஜெபத்துக்குப் போகாமல் இருக்கலாம், ஆலயப் பணிக்குக் காணிக்கை கேட்டு வருகிறவரை மடக்கலாம். ஆயாவின் துக்கத்தை நான் என் சோம்பலுக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். கட்டுரை எழுதியவர் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்றால், அவர் சொல்வதில் பாதி சரி.

அப்போது எங்கள் சபையில் ஒரு வயசான ஐயர் இருந்தார். (போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். வேறு வீட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) இப்போது உயிரோடு இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏதாவது விளக்கம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து 88-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசித்தார். பதினெட்டு வசனம். மற்ற சங்கீதங்களில் எவ்வளவு அழுதாலும் கடைசியில் 'ஆனாலும் உம்மைத் துதிப்பேன்' என்று பெரும்பாலும் ஒரு திருப்பம் வரும். இதில் வராது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது, அவ்வளவுதான். அவர் மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கேள்வியை நீங்க இதுவரைக்கும் யார் யார்கிட்ட கேட்டீங்க?" மனைவியிடம், தம்பியிடம், ஆபீஸில், இப்போது உங்களிடம் என்றேன். "அவர்கிட்ட?" என்றார். நான் பேசவில்லை. "அவரைப் பத்தி ஊரெல்லாம் கேட்டிருக்கீங்க. யோபோட சிநேகிதங்களும் அதைத்தான் பண்ணினாங்க. யோபு ஒருத்தன்தான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அந்த அம்மாவுக்காகவாவது போய்க் கேளுங்க."

யோபின் புத்தகத்தில் சிநேகிதர்கள் பேசுவதைத் தனியாக வாசித்துப் பாருங்கள். நம் துக்க வீடுகளில் கேட்கிற பேச்சேதான். பாவம் செய்யாமல் இப்படி வருமா, அவர் சித்தம் நமக்குத் தெரியாது, பொறுமையாக இருந்தால் எல்லாம் சரியாகும். யோபு பேசுவதோ கேட்கவே பயமாக இருக்கும், கோர்ட்டுக்குக் கூப்பிடுகிற தோரணை. ஆனால் முடிவில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்களில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைப்பற்றி நிதானமாகப் பேசவில்லை என்கிறார். யோபு அந்தச் சிநேகிதர்களுக்காக ஜெபம் பண்ண வேண்டியதாகிறது. திடப்படுத்தல் வகுப்பில் இந்த இடம் ஏன் விட்டுப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போய்க் கேட்டேன். ஆயாவின் வார்த்தையிலேயே கேட்டேன், வவுத்து வலி என்றே சொன்னேன். வானம் பிளக்கவில்லை. ஒரு தெருநாய் குரைத்தது. மூன்று வருஷத்தில் அதுதான் என் முதல் ஜெபம்.

ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் மீனவர்கள் கடற்கரைக்குப் போய்ப் பாலை ஊற்றிப் பூவைப் போடுகிறார்கள், உங்கள் பேப்பரில் படம் வருகிறது. 2008 முதல் நானும் போகிறேன். ஒரு ஓரமாக நின்று 88-ஆம் சங்கீதத்தை வாசிப்பேன். இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ ஆயா பார்த்துவிட்டு வந்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ" என்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இது ஒங்க பொஸ்தகத்துலயே கீதா?" என்றார். ஆமாம் என்றேன். "பதில் வந்துச்சா?" இன்னும் இல்லை ஆயா என்றேன். "வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பால் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். இப்போது அவரும் இல்லை. சுனாமி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்போது வேறு ஒரு பேச்சும் ஓடியது, ஞாபகம் இருப்பவர்களுக்கு இருக்கும். கடற்கரைச் சனங்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று சிலர் நோட்டீஸ் போடாத குறையாகப் பேசினார்கள். எங்கள் ஆட்களும் பேசினார்கள், வெட்கத்தோடு சொல்கிறேன். லூக்கா 13-இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது பற்றி இயேசுவே பேசுகிறார். எருசலேமில் இருக்கிற மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்கிறார். அப்புறம் நான் சாட்சியில் தட்டிவிட்ட அந்த 91-ஆம் சங்கீதம். இயேசுவைச் சோதிக்கும்போது பிசாசு மேற்கோள் காட்டியதும் அதே சங்கீதத்திலிருந்துதான். நல்ல வசனம், சொல்கிற வாயைப் பொறுத்து இருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், சைவர். என் வயிற்று வலிக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நம் பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகமே வயிற்று வலியில்தான் என்றார். சூலை நோய் தாங்க முடியாமல், எமனைப் போல வந்திருக்கும் இதை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று சிவனிடம் முறையிட்டுத்தான் ஆரம்பிக்கிறாராம். சுந்தரரோ 'பித்தா' என்றே தொடங்கியவர். அந்தப் பாடல்களுக்கு உரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடவுளிடம் முறையிடுவது ஏதோ வெளிநாட்டுப் படிப்பால் வந்த திமிர் என்று எங்கள் சபைகளில் சிலர் பேசும்போது, இந்த மாவட்டத்து மண்ணில் நின்றுகொண்டு அப்படிப் பேசுகிறார்களே என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் லுத்தரன் ஆட்களுக்கும் ஒன்று. மார்ட்டின் லுத்தரின் மகள் மகதலேனா 1542-இல் 13 வயதில் இறந்தாள், என் பேத்தியைவிட ஒரு வயது குறைவு. பரலோகத்துக்குப் போய்விட்டாள் என்று நானும் என் மனைவியும் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் முடியவில்லையே என்ற பொருளில் அவர் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கிருபையைப் பற்றி அத்தனை எழுதிக் குவித்த மனிதர். அவராலேயே முடியவில்லை.

இந்த மாதிரி வசனங்களைத் தேடிப் போக வேண்டியதே இல்லை என்பதுதான் வேடிக்கை. 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை 'எதுவரைக்கும்' வருகிறது, பென்சிலால் எண்ணிப் பார்த்தேன். ஆபகூக் தீர்க்கதரிசி எடுத்த எடுப்பிலேயே நான் கூப்பிடுகிறேன் நீர் கேளாமலிருக்கிறீரே என்கிறான். கிதியோன் தேவதூதனிடமே, கர்த்தர் எங்களோடே இருந்தால் இவையெல்லாம் எங்களுக்கு நேரிடுவானேன் என்று கேட்கிறான். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே ஜெயிலுக்குள் போன பிறகு, வருகிறவர் நீர்தானா, வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டான். சிலுவையில் ஆண்டவரே 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கத்தினார்.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பேசுவார்கள். நாலாம் வார்த்தை கிடைத்தவர் பாவம். 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று வாசித்த கையோடு, அவர் உண்மையில் கைவிடப்படவில்லை, இது வேத வாக்கியம் நிறைவேறத்தான், இது சந்தேகம் அல்ல என்று அவசர அவசரமாக விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். உச்சி வெயில், ஃபேன் சுற்றுகிறது, எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருக்கிறோம். வாசித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு இறங்கிப்போகிற ஒரு பிரசங்கியாரைப் பார்க்க எனக்கு ஆசை. 67 வயசாகியும் பார்க்கவில்லை.

தோமாவையும் பையன்கள் சும்மா பெயர் வைக்கத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போனால் பரங்கிமலை, சாந்தோம் என்று அவர் பெயரைச் சொல்லி நம்மவர்கள் பெருமைப்படுகிறார்கள். அதே ஆள்தான் இயேசு உயிர்த்தெழுந்ததை, அவர் காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். அது கிடக்கட்டும். யோவான் 20-இல் நான் இப்போதுதான் கவனித்த ஒரு விஷயம்: தோமா அப்படிச் சொன்ன பிறகு எட்டு நாள் கழித்துத்தான் ஆண்டவர் வருகிறார். அன்று சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்று எழுதியிருக்கிறது. மற்றப் பத்துப் பேரும் பார்த்துவிட்டவர்கள், இவன் ஒருவன்தான் நம்பாதவன். எட்டு நாள் அவனை அவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். சோறு போட்டிருப்பார்கள். என் பேத்தியை இரண்டு வாரம் யாரும் போன் பண்ணிக்கூடக் கேட்கவில்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அவருக்கு 23, 24 வயது இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். 'எனக்குத் தெரியாதும்மா, நானும் யோசிக்கிறேன்' என்று சொல்லலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். என் வேண்டுகோள் சபைகளை நடத்துகிற பெரியவர்களுக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசனம், அதாவது கடவுள் வாக்குக் கொடுக்கிற வசனம், அச்சடித்த அட்டை கொடுப்பீர்கள். எதிர்பார்த்த முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11 வராத வருஷம் கிடையாது, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே ஒட்டியிருக்கிறது. அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று போட்டிருக்கிறது. அதை மட்டும் அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. இந்த வருஷம் நூறு அட்டைக்குப் பத்து அட்டையாவது கேள்வி வசனம் போடுங்கள். அது யார் கைக்குப் போக வேண்டுமோ அவர் கைக்குப் போய்ச் சேரும். இத்தனை நாளும் அப்படிச் சொல்லித்தானே மற்ற அட்டைகளைக் கொடுத்தீர்கள்?

எங்கள் வீட்டில் ரொட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாக்குத்தத்தப் பெட்டி இருக்கிறது, மேலே ஜீவ அப்பம் என்று எழுதியிருக்கும். கிறிஸ்தவ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளே கலர் கலராக வசன அட்டைகள், வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்று எடுத்து வாசிப்பார்கள். பேத்தியும் நானும் அதைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கேள்விக்குறி உள்ள அட்டை இரண்டு கிடைத்தது. இரண்டும் கர்த்தர் நம்மிடம் கேட்கிற கேள்வி. நாம் அவரிடம் கேட்கிற வசனம் ஒன்றுகூடக் கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை அந்த அட்டை அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். அவள் பச்சை ஜெல் பேனாவில் எழுதினாள். சங்கீதம் 13:1, ஆபகூக் 1:2, நியாயாதிபதிகள் 6:13, மத்தேயு 11:3. தன் பிள்ளையைக் குணமாக்கச் சொல்லி இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன் கண்ணீரோடே சொன்னதையும், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்", அவளே தேடி எழுதினாள். ஒரு அட்டையில் வசனமே இல்லாமல், 'அந்த முதல் பத்துப் பேர்?' என்று மட்டும் எழுதினாள். இது வேதத்தில் இல்லையே என்றேன். யோபு கேட்டிருப்பார் தாத்தா, எழுதினவர் விட்டிருப்பார் என்றாள். சரி என்று அதையும் போட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்து டீ கொடுக்கும்போது பெட்டி சுற்றி வந்தது. எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு அக்கா, போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவர், ஒரு அட்டையை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மற்றவர்கள் சத்தமாக வாசித்தார்கள், அவர் வாசிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போகும்போது அட்டையைப் பெட்டியில் திரும்ப வைக்காமல் தன் பைபிளுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் எண்ணிப் பார்த்தோம், ஆபகூக்கைக் காணோம். பேத்தி அடுத்த வாரம் வரும்போது இன்னொன்று எழுதிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஐஸ் கம்பெனி முன்னாள் கணக்கர்
(பெயர் வேண்டாம், ஊர் போதும்)
கடலூர் முதுநகர்